நப்பாசைக்கும் நம்பிக்கைக்கும் நடுவே

ஒருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று எண்ணுவது நம்பிக்கை. கண்ணால் காணாத தெய்வத்தின் முன் கைகூப்புவதும் நம்பிக்கை. நாளைய பொழுது இன்றைவிட நன்றாக விடியும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கைதான். தமிழ் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அன்றாடப் பேச்சில் இதனால் குழப்பம் வருவதில்லை. எது எந்த நம்பிக்கை என்பதைச் சூழலே காட்டிவிடும். குணப்படுத்தும் மருந்தில்லாத நோய் ஒன்றின் முன்னால் நிற்கும்போதுதான் மூன்றும் பின்னிக்கொள்கின்றன. ஒரு மருந்து வரவேண்டும் என்று ஏங்குவது வேறு, வந்த மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது வேறு, அதைக் கொடுப்பவரைக் கேள்வி கேட்காமல் ஏற்பது வேறு. முதலாவது இல்லாமல் நோயாளியால் வாழ முடியாது. மற்ற இரண்டும் அவரை ஏமாற்றக்கூடும். நம் மொழியில் நப்பாசை என்று இன்னொரு சொல்லும் உண்டு: நடக்காது என்று உள்ளூரத் தெரிந்தும் விடமுடியாமல் பற்றிக்கொள்ளும் ஆசை. இயக்க நரம்பணு நோய் வந்தவர்கள் புதிய சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சுற்றியிருப்பவர்கள் இரக்கத்தோடு இந்தச் சொல்லைத்தான் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த இரக்கம் பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது என்பது என் எண்ணம். நம்பிக்கையையும் நப்பாசையையும் பிரிக்கும் கோடு, வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதில் இல்லை. பொய்த்துப்போகவும் கூடும் என்பதை ஏற்றுத் தன்னைச் சோதனைக்கு ஒப்புக்கொடுக்கும் ஆசை நம்பிக்கை. சோதனையைக் கண்டால் ஒதுங்கிப்போவது நப்பாசை. கடந்த 30 ஆண்டுகளில் இந்த நோய்க்கு மருந்து தேடிய வரலாறு இதை எனக்கு உறுதிப்படுத்துகிறது.

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிவதுதான் நோய். சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை, செருப்பு தெரியாமலே காலிலிருந்து நழுவுகிறது, பேசும்போது நாக்கு குழறுகிறது என்று ஏதோ ஓரிடத்தில் ஆரம்பித்து, உடலின் மற்ற பகுதிகளுக்கும் பரவுகிறது. விழுங்குவது கடினமாகிறது, கடைசியில் மூச்சுத் தசைகள் தளர்கின்றன. கண்ணசைவு பெரும்பாலும் நெடுநாள் தங்கும். தொட்டால் தெரியும், வலித்தால் தெரியும். சிந்தனை அப்படியே இருக்கும் என்றுதான் முன்பு எழுதிவந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஓரளவு மாற்றம் வரலாம் என்பதும், ஒரு சிறு பகுதியினருக்கு அது மறதிநோய் அளவுக்குப் போகலாம் என்பதும் இன்று தெரியும். அறிகுறி தொடங்கி நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கே சராசரியாக ஓர் ஆண்டு ஆகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு மிஞ்சுவது சில ஆண்டுகள். 1963இல் 21 வயதில் நோய் உறுதியான ஸ்டீவன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்தார். அது மிக அரிதான விதிவிலக்கு. நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 2,130 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக ஆடிய லூ கெரிக், 1939 ஜூனில் தன் 36ஆம் பிறந்தநாளன்று நோயின் பெயரை அறிந்து, 1941 ஜூனில் இறந்தார். அதுவே வழக்கமான வேகம். ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து மருந்துக்கடைக்கு வர 10, 15 ஆண்டுகள் ஆகும். நோயாளியின் கையில் இருப்பதோ அதில் ஒரு துண்டு. இந்த நோயில் நம்பிக்கை என்பது முதலில் காலக்கணக்கு.

அந்தக் கணக்கின் முதல் வரவு மிகத் தாமதமாக வந்தது. பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையின் ழான் மார்ட்டின் ஷார்கோ இந்த நோயை விவரித்தது 1869இல். ரிலுசோல் என்ற மருந்தை 155 நோயாளிகளிடம் சோதித்து, அது ஆயுளைச் சற்று நீட்டுகிறது என்று 1994இல் காட்டியவர்களும் அதே மருத்துவமனையைச் சேர்ந்தவர்களே. 1995 இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தந்தது. நோயின் விவரிப்புக்கும் முதல் மருந்துக்கும் இடையே 126 ஆண்டுகள். சோதனைகளில் அந்த மருந்து கூட்டித் தந்தது ஏறக்குறைய 2, 3 மாதங்கள். அதன்பின் எலிகளைக் காப்பாற்றிய பல மருந்துகள் மனிதர்களிடம் தோற்றன. அதற்கு ஒரு காரணம் பின்னால் புரிந்தது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் ஏற்படும் பிழை இந்த நோயைத் தரும் என்று 1993இல் கண்டறிந்ததும், அந்தப் பிழையை எலிகளுக்குள் புகுத்தி அவற்றின் மீது மருந்துகளைச் சோதித்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோரின் நரம்பணுக்களில் திரண்டு கிடப்பது டி.டி.பி.-43 என்ற வேறொரு புரதம் என்பது 2006இல்தான் தெரியவந்தது. எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்கள் மொத்த நோயாளிகளில் சுமார் 2 சதவீதம். அவர்களிடம் பொதுவாக அந்தத் திரட்சி காணப்படுவதில்லை. 2 பேரின் நோயை எலியிடம் உருவாக்கிப் பார்த்து, 100 பேருக்கும் மருந்து தேடியிருக்கிறார்கள். தோற்ற ஒவ்வொரு சோதனையின் பின்னாலும், தங்களிடம் எஞ்சிய காலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்த மனிதர்கள் இருந்தார்கள். தேடுவது தவறான இடம் என்ற உண்மையை நமக்குச் சொன்னவர்கள் அவர்களே.

நோயாளிகளின் நம்பிக்கை எத்தகையது என்பதை லித்தியம் பற்றிய நிகழ்வைப் போல வேறெதுவும் காட்டவில்லை. 2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். 28 பேருக்கு ரிலுசோல் மட்டும்; 16 பேருக்கு அதோடு லித்தியம். 15 மாதங்களில் லித்தியம் உண்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. லித்தியம் மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் மலிவான மருந்து. மருத்துவர் சீட்டு எழுதினால் கிடைத்துவிடும். பல நாடுகளில் நோயாளிகள் அதை உட்கொள்ளத் தொடங்கினார்கள். அதோடு நின்றிருந்தால் அதை நப்பாசை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற தளத்தில் தாங்கள் எடுத்த அளவையும், தங்கள் இயக்கத் திறன் குறைந்துவந்த வேகத்தையும் தொடர்ந்து பதிவுசெய்தார்கள். அந்தத் தளத்தை உருவாக்கியவர்களில் இருவர், இந்த நோயால் இறந்த ஒருவரின் சகோதரர்கள். லித்தியம் உண்ட 149 பேரை, அதே வேகத்தில் நோய் முன்னேறிவந்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 12 மாதங்களுக்குப் பிறகு எந்த வேறுபாடும் இல்லை. அந்த முடிவு 2011இல் அறிவியல் இதழில் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 84 பேரிடம் நடந்த முறையான சோதனையும், பயனில்லை என்று முதல் இடைக்கணக்கிலேயே நின்றுபோனது. தன் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடையைத் தன் கையாலேயே எழுத ஒருவருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! ஆறுதல் தேடுபவர்கள் இதைச் செய்வதில்லை. உண்மை வேண்டுபவர்கள், அதுவும் அடுத்து வருபவருக்காகவும் சேர்த்து வேண்டுபவர்கள் செய்வது இது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். சாவை நோக்கிப் போகிறவருக்கு எதற்குச் சோதனை, ஒப்பீடு, புள்ளிவிவரம்? இழக்க ஒன்றுமில்லாதவர் கையில் கிடைத்ததை உட்கொள்ளட்டுமே. அமெரிக்காவில் 2018இல் வந்த, முயன்று பார்க்கும் உரிமையைத் தரும் சட்டத்தின் பின்னால் இருந்த வாதமும் இதுதான். மனிதாபிமானம் பேசும் வாதம். ஆனால் அதன் முதல் அடியே பிழை. மினோசைக்ளின் என்ற பழைய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எடுத்துக்கொள்வோம். எலிகளிடம் நற்பலன் தந்ததால் 412 நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து உண்டவர்கள், உண்ணாதவர்களைவிட வேகமாக நலிந்தார்கள் என்று 2007இல் தெரிந்தது. உதரவிதானத்துக்கு மின்தூண்டல் தரும் கருவி இன்னும் கசப்பான பாடம். மூச்சுத் தசை தளர்கிறது, மின்சாரத்தால் அதைத் தூண்டுவோம் என்பது யாருக்கும் நியாயமாகத் தோன்றும் யோசனை. 2011இல் அமெரிக்கா மனிதாபிமான விதிவிலக்கின் கீழ் அந்தக் கருவியை அனுமதித்தது. பிரிட்டனில் 74 பேரிடம் முறையாகச் சோதித்தபோது, முகமூடி வழியாக மூச்சுதவி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 22.5 மாதம், அதோடு கருவியும் பொருத்தப்பட்டவர்களுக்கு 11 மாதம். இழக்க ஒன்றுமில்லை என்று நாம் எண்ணிய மனிதர்களிடம் இழக்க 11.5 மாதங்கள் இருந்தன. பேரக்குழந்தையின் முதல் சொல்லைக் கேட்கவோ, உயில் எழுதவோ, ஒரு பகையைத் தீர்த்துக்கொள்ளவோ போதுமான மாதங்கள். காலம் குறைவாக இருப்பவருக்குத்தான் ஒவ்வொரு மாதமும் விலை உயர்ந்தது. ஆகவே சோதனை அவருக்குத்தான் மற்றவரைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆட்சேபத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முழுச் சான்று வரும்வரை காத்திருப்பதற்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் நோயாளி. ரெலிவ்ரியோ என்ற மருந்தின் கதை இந்தச் சிக்கலைக் கண்முன் வைத்தது. 2014இல் நிதி திரட்டுவதற்காக உலகெங்கும் தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்டவர்களால், இந்த நோயாளிகளுக்காக இயங்கும் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் ஒரு பங்கு இந்த மருந்துக்கும் போனது. 137 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து உண்டவர்களிடம் நோய் சற்று மெதுவாக முன்னேறுகிறது என்று தெரிந்தது. ஒரு சிறிய சோதனை போதுமா என்ற கேள்வியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2022 மார்ச்சில் ஒரு பக்கமும் செப்டம்பரில் மறுபக்கமும் வாக்களித்தது. அந்த மாத இறுதியில் அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,58,000 டாலர் என்று விலை வைத்தார்கள். 664 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், மருந்துக்கும் வெறும் கரைசலுக்கும் வேறுபாடில்லை என்று 2024 மார்ச்சில் தெரியவந்தது. முடிவு பாதகமானால் மருந்தை விலக்கிக்கொள்வோம் என்று அதைத் தயாரித்த நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. ஏப்ரலில் அப்படியே விலக்கிக்கொண்டது. இதை ஏமாற்றுக்கதை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. விலை குறித்த கோபம் நியாயமே. ஆனால் இரக்கத்தால் கதவைத் திறந்தபோதே, உண்மை தெரிந்தால் மூடிவிட வேண்டும் என்ற ஒப்பந்தமும் கூடவே இருந்தது. அந்த ஒப்பந்தம் மதிக்கப்பட்டது. பெரிய சோதனையை நடத்தாமல் விட்டிருந்தால், பயனற்ற ஒரு மருந்துக்கு இன்னும் பல குடும்பங்கள் வீட்டை அடகு வைத்துக்கொண்டிருக்கும்.

சோதனை எப்போதும் கதவை மூடுகிற கைதான் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தவறு. எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்களுக்கான டோஃபெர்சென் மருந்தின் கதை எதிர்த்திசையில் போகிறது. பிழையான மரபணு தன் புரதத்தை உருவாக்கும் முன்பே, இடைத்தரகாக இருக்கும் செய்தியை அழித்துவிடும் மருந்து அது. முதுகுத்தண்டில் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். 108 பேரிடம் நடந்த சோதனையில், 28 வாரத்தில் எட்ட வேண்டும் என்று முன்கூட்டி வகுத்த இலக்கை அது எட்டவில்லை. கணக்கை மட்டும் பார்த்தால் தோல்வி. ஆனால் நரம்பணுக்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தின் அளவு பாதிக்கும் கீழே போயிருந்தது. ஓராண்டு வரை தொடர்ந்து கவனித்தபோது, முதலிலேயே மருந்தைத் தொடங்கியவர்கள் தாமதமாகத் தொடங்கியவர்களைவிடக் குறைவாக நலிந்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்காவும் அடுத்த ஆண்டு ஐரோப்பாவும் அனுமதித்தன. நோயின் காரணத்தையே தொடும் முதல் மருந்து இது. பிழையைச் சுமந்தும் அறிகுறி இன்னும் தோன்றாதவர்களிடம் நோயைத் தள்ளிப்போட முடியுமா என்ற ஆய்வும் நடக்கிறது. மரபணு கண்டறியப்பட்டதிலிருந்து மருந்து வரை 30 ஆண்டுகள்; பயன்பெறுவோர் 100இல் இருவர். இந்த இரண்டு எண்களையும் பார்த்து மனம் சோர்ந்துபோகலாம். ஆனால் மீதி 98 பேரின் நோய்க்கும் காரணங்களைத் தேட ஒரு வழி இருக்கிறது என்பதையும், தோல்வியின் உள்ளே கிடந்த பலனைக் கண்டெடுத்தது கவனமான சோதனையே என்பதையும் நான் அதில் காண்கிறேன்.

வெற்று மாத்திரை பற்றிய கோபம் இன்னும் மிச்சமிருக்கிறது. சோதனையில் சேரும் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தே கிடைக்காது; ஒப்பிடுவதற்காக, மருந்தில்லாத வெற்று மாத்திரையைத்தான் தருவார்கள். அது யார் என்பது அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தன் கடைசி ஆண்டை ஒப்பீட்டுக் குழுவின் ஓர் எண்ணாகக் கழிப்பது கொடுமைதான். இதற்கு அறிவியலின் பெயரால் வாயடைப்பது பதிலாகாது; சோதனையின் வடிவத்தை மாற்றுவதே பதில். அது ஓரளவு நடந்துவருகிறது. பாஸ்டன் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை 2020இல் தொடங்கிய ஹீலி சோதனையில் பல மருந்துகளை ஒரே அமைப்பின் கீழ் ஆராய்கிறார்கள், வெற்று மருந்துக் குழு எல்லாவற்றுக்கும் பொது. அதனால் சேருபவர்களில் நால்வரில் மூவருக்கு மருந்து கிடைக்கிறது. அதே ஆண்டு எடின்பரோவை மையமாகக் கொண்டு தொடங்கிய எம்.என்.டி.-ஸ்மார்ட் சோதனையும் இதே வழியில் போகிறது. பயனில்லாத மருந்தை இடையிலேயே கைவிட்டு வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளும். 2023இல் இரண்டு மருந்துகளை அப்படிக் கைவிட்டார்கள். சோதனையில் சேர முடியாத அளவுக்கு நலிந்தவர்களுக்கும் ஆய்வு நிலையிலுள்ள மருந்துகள் கிடைக்க நிதி ஒதுக்கும் சட்டம் அமெரிக்காவில் 2021 டிசம்பரில் கையெழுத்தானது. சக்கர நாற்காலியிலிருந்தபடி அதற்காக வாதாடியவர்கள் நோயாளிகள்தாம். சோதனை முறையைக் கேள்வி கேட்டவர்களும் அதை மேம்படுத்தியவர்களும் அவர்களே. சோதனையை வெறுத்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அது தங்களையும் மனிதராக மதிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இந்த மதிப்பைக் கேலிக்கூத்தாக்குவது நம்பிக்கையை விற்பவர்களின் கடை. ஸ்டெம்செல் ஊசி என்று சொல்லிப் பல நாடுகளில் பெருந்தொகை வாங்குகிறார்கள். முறையான சோதனைக்கு வெளியே இத்தகைய சிகிச்சையை வழங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சை மட்டுமே விலக்கு. அமெரிக்காவில் இந்த நோய்க்கான ஒரு ஸ்டெம்செல் சிகிச்சை, 196 பேரிடம் முறையான சோதனையை முடித்துவிட்டுத்தான் அனுமதி கேட்டு வந்தது. 2023இல் ஆலோசனைக் குழுவில் ஒருவர் மட்டுமே அதை ஆதரித்தார். 17 பேர் எதிர்த்தார்கள். தன் தரவுகளைப் பொதுவில் வைத்துத் தோற்ற அந்தச் சிகிச்சைக்கும், எந்தத் தரவையும் காட்டாமல் நாள் குறித்துப் பணம் கேட்கும் கடைக்கும் இடையே உள்ள தூரம்தான் நான் மேலே சொன்ன கோடு. நோயாளி அந்தக் கடைப்படியை ஏறினால், ஏமாளி என்று அவரைச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, ‘இதற்கு ஒன்றும் செய்ய முடியாது’ என்று ஐந்து நிமிடத்தில் எழுந்துபோகும் மருத்துவம்தான் பெரும்பாலும் அவரை அந்தப் படிக்குத் தள்ளுகிறது.

ஏனென்றால் அந்த வாக்கியம் பொய். குணப்படுத்த முடியாது என்பது உண்மை. ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மைக்கு நேர்மாறு. இரவில் முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியை நியூகாசிலில் 41 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். தொண்டைத் தசைகள் கடுமையாகத் தளராதவர்களுக்கு அது இடைநிலை ஆயுளில் 205 நாட்களைக் கூட்டியது; அந்த நாட்களில் வாழ்வின் தரமும் குறையவில்லை. ரிலுசோல் தரும் காலத்தைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல். அயர்லாந்தில் நரம்பியல் மருத்துவர், மூச்சு நிபுணர், உணவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், செவிலியர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கும் மருத்துவமனைக்குச் சென்றவர்கள், தனித்தனியாக மருத்துவரைப் பார்த்தவர்களைவிட இடைநிலையில் 7.5 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. எடை குறையாமல் காப்பது, விழுங்குவது ஆபத்தாகும் முன் வயிற்றில் குழாய் வைப்பது, பேச்சு போகும் முன் குரலைப் பதிந்துவைப்பது, கண்ணசைவால் எழுதும் கருவி ஆகியவை எல்லாம் இன்று கையில் இருப்பவை. இவை செய்தியாவதில்லை. சிகிச்சை என்ற சொல்லை மருந்து என்ற சொல்லுக்குள் நாம் அடைத்துவிட்டதுதான் காரணம். மருந்துக்காகக் காத்திருப்பவர் உயிரோடு இருந்துதானே காத்திருக்க முடியும்? டோஃபெர்சென் சோதனையில் முன்கூட்டித் தொடங்கியவர்களுக்குப் பலன் கூடியது என்றால், நோயாளியை நல்ல நிலையில் வைத்திருக்கும் பராமரிப்பும் அந்த மருந்தின் ஒரு பாகம்தான்.

இவ்வளவு செய்து நீட்டிக்கும் வாழ்க்கை வாழத் தக்கதா என்று கேட்பவர்கள் உண்டு. நலமாக நடமாடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. நோயாளிகளிடம் கேட்டபோது வேறு பதில்கள் வந்தன. உடல்வலு குறைவதற்கும் வாழ்வின் நிறைவு குறைவதற்கும் நேரடித் தொடர்பில்லை, உறவும் ஆன்மிகமும் ஈடுபாடும் அதைவிடக் கனமானவை என்று 2000இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பின்வந்த ஆய்வுகள் பலவும் இதை ஆமோதித்தன. ஜப்பானில் நோயாளிகளில் கணிசமானோர் தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரோடு வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள்; செலவைக் காப்பீடும் அரசும் பெரும்பகுதி ஏற்கின்றன. அப்படி வாழ்ந்த யாசுஹிகோ ஃபுனாகோ 2019இல் அந்த நாட்டு மேலவை உறுப்பினரானார். அவருக்காக நாடாளுமன்றத்தின் வாயிலும் இருக்கையும் மாற்றப்பட்டன. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது தோல்வியாகாது. உயிர்காக்கும் கருவிகளை மறுக்க முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை நம் உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. ஆனால் வேண்டாம் என்பது உண்மையான தேர்வாக இருக்க வேண்டுமானால், வேண்டும் என்பதற்கும் வழி இருக்க வேண்டும். மின்சாரம் போனால் கருவி நின்றுவிடும் என்ற பயம், இரவு முழுக்கச் சளியை உறிஞ்சியெடுக்க மனைவியோ மகளோ விழித்திருக்க வேண்டும் என்ற குற்றவுணர்வு, கடன்: இவை முடிவெடுத்தால் அது நோயாளியின் முடிவு ஆகாது. பராமரிப்பைக் குடும்பப் பெண்களின் அன்பு என்று பெயரிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சமூகம், நம்பிக்கையின் செலவை அவர்கள் தலையில் ஏற்றிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த நோய்க்கும் மருத்துவ நூல்களில் பதிந்த உறவு ஒன்று உண்டு. சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள், இளவயதினரிடம் காணப்பட்ட ஒரு தனி வகையை 1970இல் விவரித்தார்கள். கைகால் தசைகள் மெலியும், முகமும் நாக்கும் தளரும், செவி மந்தமாகும். ஆனால் நோய் மிக மெதுவாக நகரும். பலர் பல பத்தாண்டுகள் வாழ்வார்கள். உலக இலக்கியத்தில் அதற்கு மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே பெயர். தென்னிந்தியாவில்தான் அது பெரும்பாலும் காணப்பட்டிருக்கிறது. இதை உள்ளூர்ப் பெருமையாக நான் எடுத்துவரவில்லை. ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேகமுள்ள நோய்கள் இருக்கின்றன என்பதை, நோயாளியைக் கூர்ந்து கவனித்ததாலேயே அந்த மருத்துவர்கள் கண்டார்கள். இன்று மரபணு ஆய்வு சொல்வதும் அதையேதான்: ஒரு நோய் அல்ல, பல. இனி வரும் மருந்துகள் டோஃபெர்செனைப் போல அந்தந்த மரபணுவுக்கென்று வரக்கூடும். அப்போது தன் பிழை எது என்று தெரியாத நோயாளிக்கு மருந்து இருந்தும் இல்லாததுபோலத்தான். நம் நோயாளிகளின் மரபணுவையும் நோயின் போக்கையும் பதிவுசெய்யாமல், பிறநாட்டுச் சோதனையின் முடிவுக்காக மட்டும் காத்திருந்தால், அதுவே ஒரு சமூகத்தின் நப்பாசை.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஒரு பழமொழி. பனையின் பலன் நட்டவருக்கு எட்டாது என்பதைச் சொல்வது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக யாரோ பனங்கொட்டையை ஊன்றிக்கொண்டேதான் இருந்தார்கள். 1993இல் எஸ்.ஓ.டி.1 மரபணுவைக் காண இரத்தம் கொடுத்த குடும்பங்களில் எத்தனை பேர் 2023ஐப் பார்த்திருப்பார்கள்? லித்தியம் உண்டு தன் நலிவைக் குறித்துவைத்தவருக்கு, அந்தக் குறிப்பால் தனக்கு ஆதாயமில்லை என்பது தெரிந்தே இருந்தது. லீட்ஸ் நகரின் ரக்பி வீரர் ராப் பரோ, 2019 டிசம்பரில் நோயின் பெயரைக் கேட்டபின், இந்த நோயாளிகளுக்கென்று ஒரு பராமரிப்பு மையம் எழுப்ப நண்பர்களோடு நிதி திரட்டினார். 2024 ஜூன் 2 அன்று இறந்தார். மறுநாள், அவர் விரும்பியபடியே, கட்டடத்துக்கு நிலம் தோண்டப்பட்டது. இதையெல்லாம் நப்பாசை என்று சொல்ல நாக்கு வருமா? ஆனாலும் பழமொழியோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. நட்டவரின் தியாகத்தைப் போற்றிவிட்டு அவரை வெயிலில் விட்டுவிடுவது சுலபம். பரோ கேட்டது மருந்து மட்டும் அல்ல. ஒரு நல்ல அறை, வெளிச்சம், எல்லா நிபுணர்களும் ஒரே கூரையின் கீழ். பனைக்குக் கீழே நிழல் கிடையாது. கன்று வளரும்வரை பந்தல் போடுவது, நட்டவரை இன்று சுற்றியிருக்கும் நம் வேலை. அதற்கு எந்தச் சோதனை முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.